செத்த கப்பல் போட்ட முத்திரை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டைம்கீப்பர் வாயால் மட்டும் கெடவில்லை. வாயெல்லாம் பல்லாகப் பத்திரிகையில் படமும் போட்டுக்கொண்டு கெட்டார்.

அன்று காலையிலேயே அவர் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "வர்றவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கப்பல் புராணத்த ஆரம்பிச்சீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்." அவரும் தலையை நன்றாகத்தான் ஆட்டினார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தார்.

விஷயம் அப்படி. மகளுக்குக் கடற்படைப் பட்டறையின் வரைபடப் பிரிவில் வேலை வந்திருந்தது. எழுத்துத் தேர்வு, நேர்முகம், உடம்புப் பரிசோதனை எல்லாம் தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது இந்த ஒரு விசாரணை. ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார், நாலு கேள்வி கேட்பார், ஆள் நல்ல ஆள் என்று எழுதிவிட்டுப் போவார். திங்கட்கிழமை அவள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அந்த இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்கு. இரண்டாம் தடவை என்கிற பேச்சே கிடையாது.

அதிகாரி வந்தார். முன்னறைதான் அந்த வீட்டம்மாவின் தையல் கடை. அக்கம்பக்கத்தில் அவளுக்குத் தையலம்மா என்றுதான் பெயர். வெட்டும் மேசைமேல் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு அதிகாரி தன் கோப்புக் கட்டை வைத்தார். நரைத்த மீசை, களைத்த கண், அதட்டாத குரல். தையலம்மாவுக்கு அதட்டாத குரல்காரர்களிடம்தான் பயம். அவள் மகளின் நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடம், கல்லூரி, சொந்தபந்தம், வழக்கு ஏதாவது உண்டா என்று கேள்விகள் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தன. கொடுத்த டீயையும் குடித்தார். அப்பாடா என்று தையலம்மா மூச்சு விடப்போன நேரத்தில் அவர் கோப்பிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நீங்கதானே சார்?"

டைம்கீப்பர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க! போன மாசம் தபால்தலைக் கண்காட்சியில எடுத்தது. முதல் பரிசு."

தையலம்மா தொண்டையைச் செருமினாள். காதில் விழுந்தால்தானே?

"கையில வச்சிருக்கறது என்ன கவர்?"

போச்சு. அணையில் மதகைத் திறந்தாயிற்று. பேருந்துப் பணிமனையில் வண்டி புறப்படும் நேரமும் வந்து சேரும் நேரமும் பார்த்தே ஓய்வு பெற்ற மனுஷனுக்கு, வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி அது. பெரிய போர்க்கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு தபால் அலுவலகம் இருக்கும், அதற்கு ஒரு சிப்பந்தி இருப்பார், கப்பல் பெயரும் தேதியும் பதிக்க அவரிடம் ஒரு முத்திரை இருக்கும் என்று ஆரம்பித்தார். நம் விலாசத்தை எழுதிய உறையை இன்னோர் உறைக்குள் போட்டு, "தயவுசெய்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பவும்" என்று கேட்டுக்கொண்டால், சிலர் அனுப்புவார்கள், சிலர் குப்பையில் போடுவார்கள். உள்ளே கடிதமெல்லாம் கிடையாது. முத்திரை மடங்காமல் விழுவதற்காக ஒரு வெற்று அட்டை. உறையை ஒட்டியது ஒட்டியபடியே வைத்திருக்கவேண்டும். பிரித்தால் மதிப்புப் போயிற்று.

"இது நீர்க்காகம்னு ஒரு கப்பல்ங்க. வெளிநாட்டுக் கப்பல். நான் பொறந்த வருஷம் கடல்ல எறங்கினது. அதோட கடைசி நாள் சீல் இது. இதுல வேடிக்கை என்னன்னா, கப்பல் செத்து ஒம்பது வருஷம் கழிச்சுப் போட்ட மாதிரி சீல் விழுந்திருக்கு!" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரித்தது அவர் ஒருவர்தான்.

"கவர் மேல யார் பேர் சார் இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

டைம்கீப்பரின் சிரிப்பு பாதியில் நின்றது. பெரிய பெரிய எழுத்தில் இருந்தது மகளின் பெயர். ஓர் ஆளுக்கு ஓர் உறைக்குமேல் குத்தித் தரமாட்டார்கள் பல சிப்பந்திகள். அதனால் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். தன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மகள் பெயரில் ஒன்று. செத்துப்போன மாமனாரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

அதிகாரி மகளின் விண்ணப்பத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார். "பதினெட்டு வயசு முடிஞ்சப்புறம் எந்த வெளிநாட்டுப் படையோடயாவது தொடர்பு உண்டா? இல்லைன்னு எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"சீல்ல இருக்கற வருஷம் ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. அப்ப உங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு."

 இந்த உறைகளைத் தையலம்மா எத்தனை தடவை அடுப்பில் போடுவதாக மிரட்டியிருப்பாள்! ஒரு தடவையாவது நிஜமாகவே போட்டிருக்கக் கூடாதா?

"அது தப்புங்க, சீல் தப்பு!" டைம்கீப்பர் எழுந்தே விட்டார். "நம்பர் எல்லாம் குட்டிக் குட்டி உலோகத் துண்டா இருக்கும். இடுக்கியில எடுத்து எடுத்துக் கோக்கணும். கப்பலோட கடைசி நாள், ஒரே அமளி. பன்னெண்டுன்னு கோக்கறதுக்கு ஒண்ணையும் ரெண்டையும் இடம் மாத்திட்டான். இருங்க, காட்டறேன்." உள்ளே ஓடி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பரிசு வாங்கிய உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "என் பேர்ல வந்தது இது. அதே கப்பல், அதே நாள். பன்னெண்டுன்னு சரியா இருக்கு பாருங்க. ஒண்ணு ரெண்டு குத்தினதுமே கவனிச்சு மாத்திட்டான். அதனாலதான் அது ஒண்ணு மட்டும் பொக்கிஷம்."

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இல்லேன்னா, இது பன்னெண்டுல வந்தது, அது இருபத்தொண்ணுல வந்தது."

"கப்பலே இல்லைங்களே! உடைச்சு இரும்பா வித்துட்டாங்க."

"கப்பல் இல்லைன்னா சீல் எங்கேருந்து வந்துச்சு? இன்னொரு நாட்டுக் கடற்படையோட சீல், சார். அதை யாரோ வெளியில வச்சுக் குத்தறாங்கன்னு சொல்றீங்களா? அப்படின்னா அது இதைவிடப் பெரிய கேஸ்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. டைம்கீப்பர் மெள்ள உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. 

"நெட்ல பாத்தா தெரியும் சார், கப்பல உடைச்சது" என்றாள் மகள்.

"பாத்தேம்மா. நெட்ல பாத்ததை ரிப்போர்ட்ல எழுத முடியாது. அந்த நாட்டுக்கு முறைப்படி எழுதிக் கேக்கலாம். பதில் வர மாசக்கணக்காகும். என் ரிப்போர்ட் இன்னிக்குப் போகணும்." அவர் உறையைக் கையில் எடுத்தார். "சரி, ஒண்ணு சொல்லுங்க. இந்த விலாசத்தை எழுதினது யாரு?"

"நான்" என்றார் டைம்கீப்பர், கேள்வி முடிவதற்குள். "எம்பொண்ணுக்கு இதுல சம்பந்தமே இல்லைங்க. அவளுக்குத் தெரியாம அவ பேரைப் போட்டது நான்தான்."

அதிகாரி ஆல்பத்திலிருந்த மற்ற உறையைப் பார்த்தார். அதில் கோழிக் கிறுக்கலாக டைம்கீப்பரின் கையெழுத்து. இதில் குண்டு குண்டாக, கோடு போட்டு நிறுத்தினாற்போல எழுத்து. அவர் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தது. அந்தப் பார்வைதான் தையலம்மாவைக் கலக்கியது. அவளுக்குப் பொய் வராது. வராத பொய்யை இழுத்துப் பிடித்துச் சொன்னாள்.

"இல்ல சார். நான் எழுதினேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "ஒரு விலாசத்துக்கு ரெண்டு பேரா?"

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள் மகள்.

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "வீட்டுல இன்னும் யாராவது இருந்தா கூப்பிடுங்க. அவங்களையும் கேட்டுடறேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கோப்பைக் கட்ட ஆரம்பித்தார். "என்மேல வருத்தப்படாதீங்க. உங்களப் பாத்தா தப்பானவங்களாத் தெரியல. ஆனா பேப்பர்ல இருக்கறதும் வாயில வர்றதும் ஒண்ணா இருக்கணும். மேல்விசாரணை தேவைன்னு எழுதிடறேன். அதுக்கப்புறம் அவங்க பாடு."

மேல்விசாரணை என்றால் திங்கட்கிழமை இல்லை. திங்கட்கிழமை இல்லை என்றால் வேலை இல்லை.  தையலம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண் இதே மேசையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, தாய் துணி வெட்ட வெட்ட, கோடு கோடாக வரைந்து படித்தவள்.

"சார், ஒரு நிமிஷம்." மகள் எழுந்தாள். "அந்தக் கவரைத் திறந்து பாருங்க. எந்த வருஷம்னு தெரிஞ்சிடும்."

"உள்ள வெறும் அட்டைதான்மா" என்றார் டைம்கீப்பர்.

"வெறும் அட்டை இல்லப்பா." அவள் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அப்ப எனக்கு ஒம்பது வயசு. விலாசத்தை எழுதி, நீங்க வெட்டி வச்ச அட்டையை உள்ள போட்டு ஒட்டச் சொன்னீங்க. நான் அந்த அட்டையை எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சேன். நான் வரைஞ்சது."

 டைம்கீப்பர் பதின்மூன்று வருஷமாகப் பூதக்கண்ணாடி வைத்து அந்த உறையின் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பார்த்தவர். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

அதிகாரி யோசித்தார். "நேத்து ராத்திரி நீங்களே ஒரு படம் வரைஞ்சு உள்ள வச்சு ஒட்டலைன்னு நான் எப்படி நம்பறது?"

பதில் டைம்கீப்பருக்குத் தெரியும். தையலம்மா அதை அவர் முகத்திலேயே பார்த்தாள். சொன்னால் அவருடைய பொக்கிஷம் அவர் கண்முன்னாலேயே வெட்டுப்படும். சொல்லாவிட்டால்? சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு கணம் நிஜமாகவே பயம் வந்தது. மனுஷன் அப்படிப்பட்டவர். ஒரு மழையில் வீடு ஒழுகியபோது கல்யாணப் புடவையை நனையவிட்டு ஆல்பத்துக்குக் குடை பிடித்தவர்.

"திருப்பிப் பாருங்க" என்றார் டைம்கீப்பர்.  "பின்னாடி, மூடி ஒட்டின இடத்துல, பாதி மூடிமேலயும் பாதி கவர்மேலயுமா ஒரு வட்ட சீல் இருக்கும். கப்பல்ல குத்தினது. மூடியைப் பிரிச்சு ஒட்டினா அந்த வட்டம் ஒண்ணோட ஒண்ணு சேராது. மயிரிழை தள்ளிப் போயிடும்." பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். "சேந்திருக்கா பாருங்க."

அதிகாரி சன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாலு பக்கத்து ஒட்டையும் நகத்தால் தடவினார். "சேந்திருக்கு. வேற எங்கயும் பிரிச்ச அடையாளம் இல்ல."

"மூடியைத் தொடாதீங்க. ஓரத்துல வெட்டணும்." டைம்கீப்பர் எழுந்தார். மனைவியின் பக்கம் கையை நீட்டினார். "கத்திரிக்கோலைக் குடு."

அந்த மேசையில் இரண்டு கத்திரிக்கோல் உண்டு. ஒன்று காகிதத்துக்கு. இன்னொன்று துணிக்கு மட்டும். காகிதம் பட்டால் முனை மழுங்கிவிடும் என்று அதை அவள் பிள்ளையைக்கூடத் தொடவிட்டதில்லை. நூல் வெட்டக் கேட்டவர்களையும் விரட்டியிருக்கிறாள். தையலம்மா துணிக் கத்திரிக்கோலை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். காகிதக் கத்திரிக்கோல் கடித்துக் குதறும். வெட்டுவதென்றால் சுத்தமாக வெட்டட்டும்.

அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்து, அட்டையை ஒரு பக்கமாகத் தட்டிவிட்டு, மறு ஓரத்தில் நூலளவு வெட்டினார். கை நடுங்கவே இல்லை. கிர்ர் என்று ஒரே வெட்டு. உறையைச் சாய்த்தார். அட்டை நழுவி மேசையில் விழுந்தது.

ஒரு கப்பல். கிரேயான் சாம்பல் நிறத்தில், மேசை ஓரத்தில் உட்கார்ந்து வரைந்த கப்பல். அதற்குக் கண் இருந்தது, கண்ணில் நீலத்தில் மூன்று சொட்டு இருந்தது. மேல்தளத்தில் கைகோத்துக்கொண்டு மூன்று பேர், ஓரத்தில் இருப்பவளின் இன்னொரு கையில் அவள் உயரத்துக்கு ஒரு கத்திரிக்கோல். கீழே அதே குண்டு எழுத்து. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"கப்பல் மாமா, இந்தக் கப்பலை உடைக்காதீங்க. எங்க அப்பா அழுதாரு. எனக்கு ஒம்பது வயசு."

 டைம்கீப்பர், "நான் எங்க அழுதேன்? தூசி விழுந்திருக்கும்" என்று முணுமுணுத்தார்.

"படம் சின்னப் புள்ள படம்தான்" என்றார் அதிகாரி. மீசையைத் தடவினார். இன்னும் அவருக்குத் திருப்தியில்லை. "பழைய படத்தை எடுத்துப் பின்னால ஒரு நாள் உள்ள வச்சு அனுப்பியிருக்கலாம். சந்தேகம்னு வந்துட்டா எல்லாம்..." என்றபடி அட்டையைப் புரட்டினார்.

"அய்யய்யோ, என் காலர் அட்டை!"

அலறியது தையலம்மா. அதிகாரி துள்ளிவிட்டார். தான் எங்கே நிற்கிறோம், யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. பாய்ந்து வந்து அட்டையைப் பிடுங்கினாள். "டாக்டரம்மா கோட்டுக்குக் காலர் வெட்ட வச்சிருந்த மாதிரி அட்டை! இதைத் தேடாத இடம் உண்டா? இந்தா, என் பென்சில், என் கையெழுத்து. கழுத்து அளவு, குடுக்கவேண்டிய தேதி எல்லாம் எழுதி ஆணியில மாட்டினேன். மறுநாள் காணோம். கண்ணளவுல வெட்டிக் குடுத்தேன், காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. அந்த அம்மா மூஞ்சியில அடிச்ச மாதிரி கோட்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரித் தையல் மொத்தமும் கை விட்டுப் போச்சு!" அவள் மகள் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! நீயா எடுத்தே?"

"உங்க அட்டைதாம்மா வழவழன்னு இருந்துச்சு" என்றாள் மகள், ஒன்பது வயதுக் குரலில்.

"இது காணாமப் போனது எப்ப?" என்று அதிகாரி குறுக்கே கேட்டார்.

"இவ நாலாவது படிக்கறப்ப. அட்டையிலயே எழுதியிருக்கேனே, பாருங்க! அன்னியிலேருந்து இந்த மனுஷன்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கேன் சார். என் காலர் அட்டையை எந்தக் கப்பலுக்கு வெட்டி அனுப்பினீங்கன்னு. பக்கத்து வீட்டுல கேளுங்க, எதிர்வீட்டுல கேளுங்க. எங்க வீட்டுச் சண்டை எதுவா இருந்தாலும் கடைசியில காலர் அட்டையிலதான் வந்து நிக்கும்."

அதிகாரி அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தார். பன்னிரண்டாம் வருஷம். பிறகு தையலம்மாவின் முகத்தைப் பார்த்தார். பதின்மூன்று வருஷக் கோபம் அதில் கொதித்துக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்து வருகிற கோபம் இல்லை அது என்று அவருக்குத் தெரியாமல் போகுமா? கல்யாணம் ஆனவராகத்தான் இருக்கவேண்டும்.

அவர் உறையையும் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து எழுதினார், எழுதியதைப் படித்தும் காட்டினார். விண்ணப்பதாரர் சிறுமியாக இருந்தபோது அனுப்பிய உறை, முத்திரையில் ஆண்டுப் பிழை, சொன்ன பதிலில் முரண் இல்லை.

"மேல இருக்கறவங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். திங்கட்கிழமை நேரத்துக்குப் போயிடும்மா." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டைம்கீப்பரைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த தடவை பரிசு வாங்கினா, வாயை மூடிக்கிட்டு போட்டோ எடுத்துக்கங்க சார்."

அவர் தெருமுனை திரும்பும்வரை மூவரும் வாசலிலேயே நின்றார்கள். பிறகு மகள் தாயைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தையலம்மாவும் கொஞ்சம் குதித்தாள். உள்ளே வந்தபோது டைம்கீப்பர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட உறை ஒரு கையில், வெட்டி விழுந்த நூலளவுக் காகிதம் மறு கையில். இனி எந்தக் கண்காட்சியிலும் அதற்கு இடமில்லை. ஓரம் வெட்டிய உறையை இந்த ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

"அப்பா, மன்னிச்சிடுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எடுக்கலன்னு அன்னிக்கே சொன்னேன்."

தையலம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. நீங்க எடுக்காட்டியும் உங்க கப்பல்தானே எடுத்துது, பொண்ணு பேர்ல ஏன் எழுதணும், பல்லைக் காட்டிக்கிட்டு ஏன் போட்டோவுக்கு நிக்கணும். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் கையிலிருந்த அந்த நூலளவுக் காகிதத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நீங்க எடுக்கல."

உறையை வெட்டும்போது கலங்காத மனுஷன் அப்போது அழுதார். தூசி என்று சொல்லக்கூடத் தோன்றாமல், குழந்தை மாதிரி, சத்தம் போட்டு அழுதார். தையலம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு காலர் அட்டையை எடுத்து, படம் கசங்காமல் பிடித்து, வெட்டிய ஓரத்தின் வழியாக மெள்ள உறைக்குள்ளேயே தள்ளினாள்.